பள்ளி மரத்துக்குப் போடாத சாம்பல்

நானும் வாப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, முப்பத்தாறு மாங்காய்களுக்குக் காம்பு ஒடித்தது. மே மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வாப்பா மூன்று மரங்களுக்குப் போய், மரத்துக்குப் பன்னிரண்டு காய் பறித்து வந்திருந்தார். எல்லாக் காயிலும் விரல் நீளத்துக்குக் காம்பு விட்டிருந்தார். காம்பு நீளமாக இருக்கும்வரை பால் உள்ளே நிற்கும். கணுவில் ஒடித்தால் பீறிட்டு வரும். முதல் பத்து விநாடியில் வருவதுதான் காயின் தோலைச் சுடுவது.

வாப்பா காயைத் தலைகீழாகப் பிடித்து ஒடித்தார். நான் கண்ணாடிக் குழாயைக் கீழே பிடித்தேன்.

“மூஞ்சிய அங்கால திருப்பு புள்ள. கண்ணுல பட்டிச்செண்டா மறுகா ஒன்ட புருசனுக்கு நான்தான் போன் எடுத்துச் செல்லோணும்.”

“கண்ணாடி போட்டிரிக்கன் வாப்பா.”

“ஓம், அது மாங்காய்க்குத் தெரியுமா?”

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற உம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். “வாப்பாவும் மகளும் மாங்காய்க்கு ரெத்தம் எடுக்கிறாங்க. அப்பிடியே பிரஷரும் பாத்துட்டு உடுங்க.”

ஒவ்வொரு குழாயிலும் மரத்தின் பெயரை ஒட்டினேன். சுபைறா வீடு. பள்ளிவாசல். எங்கள் வீடு. ஏழு மணிக்கு வேலை முடிந்தது. வாப்பா கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். நான் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து வேலைக்கு எடுத்துப் போனேன். ஒன்பது நாட்களில் அவர் மௌத்தாகிவிட்டார்.

வாப்பாவின் பெயர் முகம்மது தம்பி. வயது அறுபத்தொன்பது. கல்முனையிலிருந்து மருதமுனை வரை உள்ள வீட்டு வளவுகளில் மாங்காய் பறித்து விற்பதே அவர் தொழில். நாற்பத்தொரு வருடம் செய்தார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி. சொந்தமாக ஒரு தோட்டமும் கிடையாது. அவர் மரங்கள் எல்லாம் அடுத்தவர் முற்றத்தில் நின்றன.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். வீட்டோடு வளவு, வளவோடு மரம். ஆகவே வாப்பாவின் வியாபாரம் முழுவதும் பெண்களுடன்தான். அதுவும் படலையடியில், அரைக் கதவு திறந்தபடி. அவர் குரல் கேட்டாலே, அண்ணனைக் கூப்பிடுவதுபோல ‘காக்கா’ என்று உள்ளிருந்து பதில் வரும். “காய் இன்னும் முத்தல்ல காக்கா, பத்து நாள் கழிச்சி வாங்க.” அவரும் நின்று வாதாட மாட்டார். பத்து நாள் கழித்துப் போவார்.

மற்ற வியாபாரிகள் மரம் பூக்கும்போதே மொத்தமாகப் பேசிவிடுவார்கள். வாப்பா அதைச் செய்யவே மாட்டார். பூவையும் பிஞ்சையும் விலை பேசுவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சு இல்லை. “நாளைக்கி காத்தடிச்சா பூ கொட்டும். கொட்டினா ஆருட காசு? ஒண்டில் அவட, இல்லாட்டி என்ட. ரெண்டும் சரியில்ல. காய் காயாகட்டும்.” அதனால் நல்ல மரங்கள் கைதவறிப் போயின. உம்மா சொல்லிக் காட்டுவார். அவர் கேட்காத மாதிரி இருப்பார்.

மரத்தை இழக்காமல் இருக்க அவர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். தை மாத அளவில், பூக்குமுன், தனக்கு வேண்டிய மரங்களின் அடியில் ஒரு சாக்கு உமிச் சாம்பல் கொட்டிவிட்டு வருவார். காசு கொடுப்பதில்லை, விலை பேசுவதில்லை. சும்மா ஒரு நன்மை. ஆனால் ஊரில் அதற்கு அர்த்தம் இருந்தது. அடியில் சாம்பல் கிடந்தால் அந்த மரத்தை வேறு வியாபாரி கேட்க மாட்டார். பெண்களும் கொடுக்க மாட்டார்கள். “அது முகம்மது தம்பிக் காக்காட மரம்” என்பார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. நாற்பது வருடத்தில் இரண்டே இரண்டு தடவைதான் அந்த வாக்கு மீறப்பட்டது.

சாம்பலுக்குப் பஞ்சமில்லை. வயற்கரைப் பக்கம் அரிசி மில் இருக்கிறது. உமியை எரித்துத்தான் நெல் அவிக்கிறார்கள். சாம்பல் மலையாகக் குவிந்திருக்கும். அள்ளிக்கொண்டு போனால் மில்காரருக்குச் சந்தோசம்.

சுபைறா மாமியின் வளவு அந்த மில்லுக்கு நேர் கிழக்கே. நடுவில் ஒரு குறுகிய ஒழுங்கைதான். எங்களுக்கு உறவு இல்லை, ஆனாலும் நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து வருடத்துக்கு முன் கணவர் இறந்துபோனார். வளவில் ஒரு கறுத்தக் கொழும்பான் மாமரம். ஒரு போகத்துக்கு ஆயிரத்துக்கு மேல் காய்க்கும். அந்தக் காய் விற்ற காசில்தான் மகளின் படிப்புச் செலவு ஓடியது.

அவர் இறந்த நாலாவது வருடம் அந்த மரத்துக் காய்களின் தோல் கருக ஆரம்பித்தது. பறித்த அன்று பச்சை. மூன்றாம் நாள் காம்படியிலிருந்து கீழ்நோக்கிக் கறுப்புக் கோடுகள். பிறகு தோல் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. உள்ளே சதை நன்றாகத்தான் இருந்தது. சந்தையில் யார் உள்ளே பார்க்கிறார்கள்? வாப்பா எவ்வளவு கவனமாகப் பால் வடித்தும் பயனில்லை. அவர் கையும் சுட்டது. மற்ற மரங்களின் பால் பட்டால் தோல் சிவக்கும், ஆறிவிடும். இந்தப் பால் பட்ட இடம் கொப்பளித்தது.

“புளிச்ச மரம்” என்று சந்தையில் பெயர் வைத்துவிட்டார்கள். வாப்பா அந்தக் காய்களை அரை விலைக்கு விற்று, சுபைறா மாமிக்கு முழு விலையைக் கொடுத்தார். உம்மாவிடம் இதை அவர் சொல்லவில்லை. எனக்கும் பிறகுதான் தெரியும்.

அவர் மில் புகையைத்தான் குற்றம் சொன்னார். சுபைறா மாமியும் அப்படித்தான். மே மாதம் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மில் புகை நேராக அந்த வளவுக்குள் இறங்கும். வெளுத்துக் கொடியில் போட்ட உடுப்பில் கரி படியும். மாவிலையை விரலால் தடவினால் விரல் கறுக்கும்.

“மனிசன் சிகரட் குடிச்சா நெஞ்சுச் சளி கறுக்குது. மரம் பொகையக் குடிச்சா பால் மாறாதா?” என்று வாப்பா கேட்டார்.

மில் முதலாளி றிஸ்வானிடமும் போய்க் கேட்டார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். றிஸ்வான் என் வயதுக்காரர். கோபப்படவில்லை, சிரித்தார்.

“காக்கா, சாம்பலுக்கு வாற நேரம் ‘தம்பி தம்பி’ எண்டு வாறீங்க. பொகைக்கு மட்டும் ஏசுறீங்க. ரெண்டும் ஒரே அடுப்புத்தானே.”

“சாம்பல் ஒண்டும் செய்யல்ல தம்பி. ஒன்ட பொகதான் செய்யுது.”

“அப்ப பொகையையும் சாக்குல அள்ளிக்கிட்டுப் போங்களன்.”

வாப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. சுபைறா மாமி மில்லுக்கு எதிராக ஒரு முறைப்பாடு எழுதினார். சாட்சியாக முதல் கையெழுத்து வாப்பாவுடையது. கடிதத்தை உடனே அனுப்பவில்லை. “மகள் சோதிச்சிப் பாத்துத் தரட்டும். அந்த ரிப்போட்டையும் சேத்து அனுப்பினா ஆரும் தட்ட ஏலா” என்று அவர்கள் இருவருமே முடிவு செய்துவிட்டார்கள்.

மகள் என்றால் நான். நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கிணற்று நீர், குழாய் நீர். மாம்பால் என் வேலையில்லை. முதல் வருடம் தட்டிக் கழித்தேன். இந்த வருடம் சுபைறா மாமி கட்டாயமாகச் சொல்லிவிட்டார். “மகளுக்கு அறை கட்ட எடம் வேணும். மரத்துக்காகத்தான் மூணு வருசமா பொறுத்துக்கிட்டிரிக்கன். இந்தப் போகமும் காய் கறுத்தா வெட்டிப்போடுவன்.” வாப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

நான் அவரிடம் சொன்னேன். “ஒரு மரத்த மட்டும் சோதிச்சா ஒண்டும் செல்ல ஏலா வாப்பா. பொகை படுற வேற மரமும் வேணும், பொகை படாத மரமும் வேணும். எல்லாம் கறுத்தக் கொழும்பானா இரிக்கோணும்.”

புகை படாத மரம் எங்கள் வீட்டு மரம். கடலுக்குக் கிட்டே நிற்கிறது. புகை படும் மற்ற மரத்தை அவரே சொன்னார். மில்லின் ஒழுங்கை முடியும் இடத்தில் பள்ளிவாசல், அதன் முற்றத்தில் நிற்கும் மரம். சுபைறா மாமியின் மரம் எவ்வளவு தூரமோ அதே தூரம், அதே காற்று. அந்த மரத்துக் காய்களை விற்பதில்லை. தொழ வருபவர்கள் பறித்துத் தின்பார்கள்.

மூன்று மரத்தின் இலைகளையும் ஈரப் பஞ்சால் துடைத்தோம். நான் பஞ்சைக் காயவைத்து எடை பார்த்தேன். வாப்பா நிறத்தைப் பார்த்தே திருப்திப்பட்டுவிட்டார். பள்ளி மரமும் சுபைறா மாமியின் மரமும் ஒரே கறுப்பு. எங்கள் வீட்டு மரத்துப் பஞ்சு மங்கலாக இருந்தது. “பாத்தயா? முடிஞ்சி. ரிப்போட்ட எழுது.”

நான் எழுதவில்லை. பாலைப் பார்க்க வேண்டும் என்றேன்.

மாம்பாலை அசையாமல் வைத்தால் இரண்டாகப் பிரியும். மேலே மஞ்சள் எண்ணெய், கீழே வெண்மையான நீர். சுடுவது எண்ணெய். நீர்ப் பகுதியில் இருப்பவை மண்ணிலிருந்து வேர் எடுத்த உப்புகள். எங்களிடம் சோடியம், பொட்டாசியம், கல்சியம் அளக்கும் கருவி இருக்கிறது. மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, வேலை முடிந்த பின் மூன்று நாள் அளந்தேன்.

எங்கள் வீட்டு மரத்தில் எண்ணெய் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு. சோடியம் மட்டும் சற்றுக் கூட. கடற்காற்று. பள்ளி மரத்தில் எண்ணெய் இருபத்துநான்கு. உப்புகள் எங்கள் மரத்தைப் போலத்தான். சுபைறா மாமியின் மரத்தில் எண்ணெய் முப்பத்தாறு. பொட்டாசியம் மற்ற இரண்டையும் விட இரண்டரை மடங்கு. கல்சியம் பாதிக்கும் கீழே.

இரண்டு மரங்கள் ஒரே புகையைக் குடிக்கின்றன. ஒன்றின் பால்தான் மாறியிருக்கிறது. அப்படியென்றால் காரணம் காற்றில் இல்லை. கீழே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மூன்று மரத்தடியிலும் மண் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் வெறும் மணல். எதையும் பிடித்து வைக்காது, காரம் சேர்ந்தால் எதிர்க்காது. பள்ளி முற்றத்து மண் கிட்டத்தட்ட நடுநிலை. சுபைறா மாமியின் மரத்தடி மண் சோப்புத் தண்ணீர் அளவுக்குக் காரம். ஒரு முழ ஆழம் வரை சாம்பல் நிறம்.

உமிச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. ஒரு மரத்துக்கு வருடத்தில் ஒரு சாக்கு என்றால் நல்லது. அளவு மீறினால் வேர் பொட்டாசியத்தையே எடுத்துக்கொண்டிருக்கும், கல்சியம் போதாமல் போகும். கல்சியம் குறைந்தால் காயின் தோல் இறுகாது. இறுகாத தோலில் எண்ணெய் இலகுவாக இறங்கும். எண்ணெய் ஏன் கூடியது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பன்னிரண்டு காயை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

புகை நிரபராதி என்றும் நான் சொல்லவில்லை. கரி படிந்த இலைக்கு வெளிச்சம் குறையும், மரம் குறைவாகக் காய்க்கும். பள்ளி மரம் பாதிக்குப் பாதிதான் காய்த்திருந்தது. மில் அதற்குப் பொறுப்பு. காய் கறுத்ததற்கு இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து வாப்பா சாப்பிட்டார். சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருந்தேன். தாளை முன்னால் வைத்து, பள்ளி மரமும் சுபைறா மாமியின் மரமும் எப்படி வேறுபடுகின்றன என்று மட்டும் சொன்னேன். பிறகு கேட்டேன்.

“பள்ளி மரத்துக்கு நீங்க சாம்பல் போடுறல்லையா வாப்பா?”

“பள்ளி மரத்துக்கு என்னத்துக்கு? அதுட காய் விக்கிறல்லயே.”

“சுபைறா மாமிட மரத்துக்கு?”

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். விரல் இரண்டரையில் நின்றது.

“வருசத்துக்கு எத்தின சாக்கு?”

“மில்லடிதானே புள்ள. மத்த மரங்களுக்கு எடுத்துக்கிட்டுப் போற வழி. மிஞ்சினதெல்லாம் அங்க கொட்டுவன். பன்ரெண்டு. பதினஞ்சும் இரிக்கும்.” தாளை என் பக்கம் தள்ளினார். “புருசன் இல்லாத மனிசி. அந்த மரம் நல்லாக் காய்க்கட்டும் எண்டுதான்.”

“தெரியும் வாப்பா.”

“காய் கறுக்கத் துவங்கின மறுகா இன்னும் கூடப் போட்டன்.”

உம்மா பாத்திரம் எடுக்க வந்தார், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை, என்னோடு தர்க்கம் செய்யவும் இல்லை. இரண்டு கேள்விகள் கேட்டார். மரம் தேறுமா? தேறும், மேல் மண்ணை ஒரு முழத்துக்கு அள்ளி எடுத்து, கல்சியம் உள்ள ஜிப்சம் போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் மாறலாம் என்றேன். மற்ற வீட்டு மரங்கள்? ஒரு சாக்கு ஒன்றும் செய்யாது என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

“இப்பவே போய்ச் செல்லுங்க வாப்பா. மாமி கடிதத்த அனுப்பிருவா.”

“ரிப்போட் இல்லாம அனுப்ப மாட்டா. வெறுங்கையோட போய் என்னத்தச் செல்ற? நான்தான் கெடுத்தன் எண்டு செல்லிட்டு, மரத்த அப்பிடியே உட்டுட்டு வாறதா? மருந்தையும் கொண்டு போவன். ஞாயிறு போறன்.”

ஜிப்சத்துக்குக் கடையில் சொல்லிவைத்தார். அன்று மாலை, மரத்தடி மண்ணை அள்ளி வரப் பதினைந்து வெற்றுச் சாக்குகளை மடித்து மோட்டார் சைக்கிளில் கட்டினார். றிஸ்வானிடமும் பேச வேண்டும் என்றார். “அவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.”

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. குளிப்பாட்டியவர்கள் பிறகு என்னிடம் கேட்டார்கள், இரண்டு முன்னங்கையிலும் என்ன தழும்பு என்று. மாம்பால் என்றேன்.

மூன்றாம் நாள் சுபைறா மாமி வந்தார். உம்மா, கணவர் இறந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார், வெள்ளை உடுத்து உள் அறையில். மாமி பக்கத்தில் உட்கார்ந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஸுலைஹா, என்ட மாப்பிள மௌத்தான மறுகா படலையடிக்கி வந்து ஒரு சொல் கேட்ட மனிசன் காக்கா ஒராள்தான். கறுத்த காய்க்கும் முழு வில தந்தார். எனக்குத் தெரியும், சந்தையில என்ன வில எண்டு. தெரியாத மாதிரி வாங்கிக்கிட்டன்.”

உம்மா என்னைப் பார்த்தார்.

பிறகு மாமி என் பக்கம் திரும்பினார். “மரத்த வெட்டல்ல மகள். எப்பிடி வெட்டுற, காக்கா சாம்பல் போட்டு வளத்த மரம்? அறைய அங்கால கட்டுவம். நேத்து மில்லுல செல்லி, ஆறு சாக்குச் சாம்பல் எடுப்பிச்சிக் கொட்டியிரிக்கன். காக்காட பேருல ஸதக்கா. மரம் நிக்கிற மட்டும் அவருக்கு நன்மை போகட்டும்.”

உம்மா ஆமீன் சொன்னார். அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

போகும்போது படலையடியில் நின்று மெதுவாகக் கேட்டார். “அந்த ரிப்போட் முடிஞ்சா? அவசரமில்ல. ஒனக்கு மனம் ஆறின மறுகா தா. காக்கா கையெழுத்து வெச்ச கடிதம், பத்திரமா வெச்சிரிக்கன்.”

“ஓம் மாமி” என்றேன்.

இன்று பதினேழாவது நாள். உம்மாவுக்கு முழு விபரமும் சொல்லிவிட்டேன். அவருக்கு இத்தா மொத்தம் நாலு மாதம் பத்து நாள். அதுவரை படலையைத் தாண்ட முடியாது. “இத்தா இல்லாட்டி நான் போயிருப்பன்” என்றார். “நீ போறயா, போகல்லயா, நான் கேக்க மாட்டன்.”

நேற்று வேலை முடிந்து வரும்போது அந்த ஒழுங்கையால் வந்தேன். வண்டியை விட்டு இறங்கவில்லை. மதிலுக்கு மேலால் மரம் தெரிந்தது. திறந்திருந்த படலைக்குள்ளால் அடியும் தெரிந்தது: புதுச் சாம்பல், வட்டமாக, கவனமாகப் பரத்தியிருக்கிறது. கச்சான் அடிப்பதால் இன்னும் காய்ந்தபடிதான் கிடக்கிறது. மண்ணுக்குள் இறங்க மழை வேண்டும். மழைக்கு முன் அள்ளினால் அந்த ஆறு சாக்கில் பெரும் பகுதி வெளியே வந்துவிடும். ஒரு பெருமழை பெய்தால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வாப்பா செய்ய இருந்தவை மூன்று. சாம்பலை அள்ளுவது, ஜிப்சம் போடுவது, சுபைறா மாமியிடம் சொல்வது. முதல் இரண்டுக்கும் கூலிக்கு ஆள் பிடிக்கலாம்.